பஞ்சமக் கிண்ணத்தில் சுக்குக் காபி

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சுக்குக் காபியைக் கொதிக்கக் கொதிக்க இறக்கி, அதை என் மனைவியின் ஜலதரங்கக் கிண்ணத்தில் ஊற்றியவன் நான்தான். வீட்டில் டம்ளர் இல்லாமல் இல்லை. எவர்சில்வரில் பதினாறு இருக்கின்றன, பித்தளையில் நாலு இருக்கின்றன. மூளைதான் கொஞ்சம் தட்டுப்பாடு.

கிண்ணம் 'டிங்' என்றது. நல்ல நாதம், பழுது சொல்ல முடியாது. அதன் பிறகு குறுக்கே ஒரு மெல்லிய கோடு ஓடியது. கிண்ணம் இரண்டாகப் பிரிந்து, காபி சமையல் மேடையில் வழிந்து என் வேட்டியில் வந்து சேர்ந்தது. பெரிய துண்டில் சுகந்தி ஒட்டியிருந்த சின்னச் சீட்டு அப்படியே இருந்தது. அதில் அவள் கையெழுத்தில் ஒரே ஓர் எழுத்து: 'ப'. பஞ்சமம்.

அன்று புதன்கிழமை. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சேலத்தில் அவளுடைய முதல் கச்சேரி.

சுகந்திக்கு இப்போது ஐம்பது வயது. எங்கள் பெண் கல்லூரிக்குப் போன வருடம், நாற்பத்தொன்றாவது வயதில், ஜலதரங்கம் கற்றுக்கொள்ள ஆரம்பித்தாள். பதினெட்டுப் பீங்கான் கிண்ணங்களை அரைவட்டமாக வைத்து, கரண்டியால் தண்ணீர் ஊற்றி, இரண்டு மெல்லிய குச்சிகளால் தட்டி வாசிக்கும் வாத்தியம். ஒன்பது வருடமாக அவள் தட்டினாள். ஒன்பது வருடமாக நான் கேலி செய்தேன். உறவினர் கூடும் இடமெல்லாம், எங்கள் வீட்டில் பாத்திரம் பாடும், சாப்பாடுதான் வராது என்று சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். அவள் தண்ணீர் ஊற்றும்போது, எனக்கும் ஒரு கரண்டி சாம்பார் என்று தட்டை நீட்டியிருக்கிறேன். அவள் சிரித்ததாக ஞாபகம் இல்லை.

கச்சேரி தேதி குறித்த அன்று எனக்கே என்னவோ போலாகிவிட்டது. இந்த வருடத் தீர்மானமாக, அவள் தலைமாட்டில் வைத்திருக்கும் புத்தகத்தைப் படித்து முடிப்பது என்று அறிவித்தேன். ஜலதரங்கத்தில் பெரும்புகழ் பெற்ற ஒரு வித்வானின் சுயசரிதை அது. பெயரைச் சொல்ல மாட்டேன். இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு அவர் ரசிகர்கள் வீடு தேடி வரக்கூடும். நான் இதற்குமுன் எடுத்த தீர்மானங்களின் ஆயுள் அவளுக்குத் தெரியும். முதலில் பத்துப் பக்கம் படியுங்கள், பார்க்கலாம் என்றாள். ரோஷம் வந்துவிட்டது. தினம் பத்துப் பக்கம், கூடவும் கூடாது, குறையவும் கூடாது என்று சபதம் போட்டேன். ஜனவரி முழுக்கப் புத்தகத்துக்குத் தூசி தட்டினேன். பிப்ரவரியில் நிஜமாகவே ஆரம்பித்து, செவ்வாய்க்கிழமை நூற்று நாற்பதாம் பக்கம் வந்திருந்தேன்.

அந்தப் பக்கத்தில் வித்வான் சொல்கிறார்: அவர் இளைஞராக இருந்தபோது, விடியற்காலையில் தம் பஞ்சமக் கிண்ணத்தில் கொதிக்கும் சுக்குக் காபி ஊற்றிக் குடிப்பாராம். ஸ்வரம் உடம்பில் இறங்குமாம். பக்கம் அதோடு முடிகிறது. புத்தகத்தை மூடினேன். மறுநாள் காலை எனக்கும் ஸ்வரத்தை உடம்பில் இறக்கிப் பார்க்க ஆசை வந்தது. சுகந்தி வீட்டில் இல்லை. கடைசி வாரப் பயிற்சிக்காகத் திருச்சியில் குருவின் வீட்டில் தங்கி, அவருடைய கிண்ணங்களில் வாசித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கிண்ணப் பெட்டி பீரோவுக்குப் பக்கத்தில் பஞ்சு பொதிந்து இருந்தது. சனிக்கிழமை மாலை நாலரைக்குத் திரும்புவதாக ஏற்பாடு.

அவளிடம் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். கச்சேரிக்கு நாலு நாள் முன்னால் அவள் மனசைக் கலைக்கக் கூடாது என்று நினைத்தேன். தவிர, பயம். இரண்டாவது காரணம்தான் முதல் காரணம். புதன் பகல் முழுக்கச் சேலத்துப் பாத்திரக் கடைகளில் கிண்ணம் தட்டினேன். ஒன்று 'டப்' என்றது, இன்னொன்று 'சொத்' என்றது. அவளுடைய செட் விருத்தாசலத்தில் எடுத்தது என்று நூறு தடவை சொல்லியிருக்கிறாள். உடைந்த துண்டைக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு, வியாழக்கிழமை காலை ரயிலேறினேன்.

ரயிலில், புதன்கிழமை விட்டுப்போனதைக் கணக்கில் சேர்க்காமல், அன்றைய பத்துப் பக்கத்தைத் திறந்தேன். நூற்று நாற்பத்தொன்றாம் பக்கத்தின் முதல் வரியிலேயே வித்வான் தொடர்கிறார்: இந்த மடத்தனத்தால் இரண்டு அருமையான கிண்ணங்கள் வெடித்துப் போயின, இதைப் படிக்கிற யாரும் இப்படிச் செய்துவிடாதீர்கள் என்று.

எதிர் சீட்டில் இருந்த அம்மா, உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்டு ஒரு எலுமிச்சம்பழம் கொடுத்தார்.

மீதிப் பக்கங்களில் உதவியாக ஏதாவது வருமா என்று பார்த்தால் வித்வான் வெளிநாட்டுக்கு விமானம் ஏறிவிட்டார். தயிர்சாதம் கிடைக்காத கதையே ஒன்பது பக்கம். பொருளடக்கத்தைப் புரட்டினேன். 'விருத்தாசலத்தில் ஒரு கிண்ணம்' என்று ஓர் அத்தியாயம் இருக்கிறது, நூற்று அறுபத்துமூன்றாம் பக்கத்தில். என் கணக்குப்படி சனிக்கிழமைதான் அங்கே போய்ச் சேருவேன். விரல் அந்தப் பக்கத்தின் ஓரத்தைத் தொட்டது. பிறகு சுகந்தியின் 'பார்க்கலாம்' காதில் கேட்டது. மூடிவிட்டேன். கிண்ணம்தான் போயிற்று, சபதமாவது மிஞ்சட்டும்.

விருத்தாசலத்தில் மாசி மகத்துக்குக் கொடியேறியிருந்தது. இது தெரியாமல் வந்தது என் இரண்டாவது மடத்தனம். கோயிலைச் சுற்றிக் கடைகள், ராட்டினம், முந்திரிப் பக்கோடா வாசனை. லாட்ஜ் எதிலும் அறை இல்லை. நாலாவது லாட்ஜில், ஏற்கெனவே ஒருவர் எடுத்திருந்த இரட்டைக் கட்டில் அறையில் ஒரு கட்டில் கிடைத்தது. அவர் பெண்ணாடத்துக் கரும்பு விவசாயி. திருவிழா முடியும்வரை தங்குவதாகச் சொன்னார். என் பையில் இருந்த உடைந்த கிண்ணத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் தன் தலையணையை என் பக்கத்திலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார்.

டீக்கடையில் டீ பேப்பர் கப்பில் வந்தது. சேலத்திலிருந்து வருகிறேன், இது பீங்கானுக்குப் பேர்போன ஊர் அல்லவா என்று கேட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்து, சேலத்தில் இரும்பு டம்ளரிலா டீ குடிக்கிறீர்கள் என்றார். கப்பைச் சத்தமில்லாமல் காலி செய்தேன்.

பீங்கான் பட்டறைகள் வரிசையாக இருக்கிற பகுதிக்கு ஆட்டோவில் போனேன். முதல் பட்டறையில் பொம்மைகள். வெள்ளை வெள்ளையாய்ப் பிள்ளையார்கள், கண் வரைவதற்காகக் காத்திருந்தார்கள். இரண்டாவதில் கரண்டு வேலைக்கான ஃபியூஸ் கட்டைகள். கிண்ணமெல்லாம் இப்போது யார் சார் வாங்குகிறார்கள் என்றார்கள். மூன்றாவதில் கிண்ணம் இருந்தது. ஒரு தட்டுமுட்டு அறை நிறைய இருந்தது.

இங்கே என் ஆயுதங்களைச் சொல்ல வேண்டும். ஒன்று, எங்கள் வீட்டு எவர்சில்வர் ஸ்பூன். இன்னொன்று, செல்போனில் ஸ்ருதி பார்க்கும் ஆப். சுகந்தி வீட்டில் சாதகம் செய்ததை எப்போதோ பதிவு செய்திருந்தேன். அதில் பஞ்சமம் ஒலிக்கும் இடத்தை ஆப்புக்குக் கேட்கக் கொடுத்து, முள் எங்கே நிற்கிறது என்று குறித்துவைத்திருந்தேன். அதே இடத்தில் முள்ளை நிறுத்துகிற கிண்ணம் வேண்டும். இதைவிட விஞ்ஞானபூர்வமாக ஒருவன் மனைவியை ஏமாற்ற முடியாது.

தட்ட ஆரம்பித்தேன். முள் குறியைத் தாண்டி மேலே போயிற்று. அடுத்தது இன்னும் மேலே. அறுபது கிண்ணம் தட்டியிருப்பேன். பெரும்பாலானவை குறியைவிடக் கொஞ்சம் கொஞ்சம் உயரத்தில்தான் நின்றன. ஒன்றுகூடக் குறியில் விழவில்லை. இதற்குள் பட்டறையில் பேச்சு நின்றுபோயிருந்தது. ஸ்பூன், செல்போன், நோட்டில் குறிப்பு. வந்திருப்பவர் ஏதோ ஆபீஸர் என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஒருவர் நாற்காலி போட்டார், ஒருவர் மோர் கொண்டுவந்தார். நான் ஜலதரங்கம் என்றதும் மோர் கொண்டுவந்தவர் டம்ளரைப் பாதியில் திரும்ப வாங்கிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை, ரயில்வே கேட்டைத் தாண்டியிருந்த ஒரு பட்டறையில் நம்பிக்கை தெரிந்தது. அங்கே மூன்று அளவில் கிண்ணங்கள் செய்து சூளையில் ஏற்றியிருந்தார்கள். என் உடைந்த துண்டைக் கையில் வாங்கிப் பார்த்து, அது உடைந்த கதையையும் கேட்ட மேஸ்திரி மூர்த்தி, இதே அச்சுதான் என்றார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது. ஆனால் சூளைக் கதவு மூடியிருந்தது. முந்தைய நாள் சாயங்காலம்தான் நெருப்பை நிறுத்தியிருந்தார்கள். உள்ளே இன்னும் தணல் சூடு. சனிக்கிழமை காலை எட்டு மணிக்குத்தான் திறப்பார்களாம்.

கொஞ்சம் முன்னாலேயே திறக்கக் கூடாதா என்று கெஞ்சினேன். ஒரு விரற்கடை மட்டும், ஒரே ஒரு கிண்ணம் என்று பேரம் பேசினேன். மூர்த்தி வெற்றிலையை மென்று முடித்துத் துப்பினார்.

"சூட்டோட தொறந்தா உள்ள இருக்கற அத்தினியும் விரிசல் வுட்டுடும் சார். ஒத்தக் கிண்ணத்துல சுடுதண்ணி ஊத்தி ஒடச்சிட்டு வந்தீங்க. இப்ப ஆயிரம் கிண்ணத்த ஒடைக்க சொல்றீங்க."

பட்டறைத் தகரக் கொட்டகை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய?

அறைக்குத் திரும்பி, கரும்புக்காரரிடம் புலம்பினேன். அவர் கட்டிலில் சாய்ந்தபடி, வயலில் கரும்பு முற்றி நிற்கிறது, பூத்துவிட்டால் வீண், வெட்டுவதற்கு மில்லில் என் முறை வரக் காத்திருக்கிறேன், அதற்குள் சாமியையாவது பார்த்துவிடலாம் என்று வந்தேன் என்றார். "ஒரு ராத்திரி பொறுத்துக்குங்க. கிண்ணம் ஒண்ணும் பூத்துப்போவாது" என்றும் சேர்த்துக்கொண்டார்.

பகல் மூன்று மணிக்குச் சுகந்தி போன் செய்தாள். குரலில் நடுக்கம் இருந்தது. எனக்கு அது புதிது. என் கேலிக்கு ஒன்பது வருடம் நடுங்காத குரல்.

"கைய நீட்டினா வெரலு ஆடுதுங்க. குரு வேற, மொத உருப்படியே பஞ்சமத்துல எடுப்பா ஆரம்பிக்கற மாதிரி மாத்திட்டாரு. அந்தக் கிண்ணம் என் கைக்கு நல்லாப் பழகினதுங்கறதால சரின்னுட்டேன். பெட்டிய வெயில்ல வச்சிடாதீங்க."

நான் வைக்கவில்லை என்றேன். அது உண்மை. அந்த நேரம் பார்த்து, லாட்ஜ் வாசலில் சாமி புறப்பாட்டு மேளம் முழங்கியது. அது என்ன சத்தம் என்றாள். பக்கத்து வீட்டு டிவி என்றேன். பக்கத்து வீட்டில் டிவி ரிப்பேர் என்று அவள்தான் போன வாரம் எனக்குச் சொன்னாள். சரி வைக்கிறேன் என்றாள்.

நாளைக்குச் சூளையைத் திறந்து, அதிலும் முள் குறியில் நிற்காவிட்டால்? முதல் உருப்படி, முதல் அடி, பஞ்சமம். அந்த இடத்தில் ஓர் ஓட்டை. அரங்கம் நிறைய எங்கள் சொந்தக்காரர்கள், பாத்திரம் பாடும் ஜோக்கை என்னிடமே கற்றவர்கள்.

புத்தகத்தை எடுத்தேன். சபதத்தை உடைத்தேன். நூற்று அறுபத்துமூன்றாம் பக்கத்துக்கு நேராகத் தாவினேன். வித்வான் விருத்தாசலத்துக்கு வருகிறார். ரயில்வே கேட்டருகே ஒரு கொட்டகைக்குள் நுழைகிறார். கண்ணை மூடுகிறார். கை நீட்டி முதலில் தொட்ட கிண்ணத்தைத் தட்டுகிறார். பஞ்சமம். கண்களில் நீர் பெருகுகிறது. அத்தியாயம் முடிந்தது. எப்படித் தேடுவது, எதைப் பார்ப்பது, ஒரு வார்த்தை இல்லை. ஒரு முழு மணவாழ்க்கை போல நீண்டதாகத் தோன்றிய அந்தப் பதினேழு நாள் சபதம், நாலு பக்கக் கண்ணீருக்காகப் போயிற்று.

சனிக்கிழமை ஏழரைக்கே சூளை வாசலில் நின்றேன். அன்று தேர். ஊரே அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. வேலைக்கு வந்திருந்தது மூர்த்தியும் ஐந்தாறு பேரும்தான். அதில் ஒருவர் தனலட்சுமி. நல்லூர்ப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர், நாற்பத்தைந்து வயது இருக்கும். சூளையிலிருந்து இறங்கும் சரக்கைத் தட்டிப் பார்த்துத் தரம் பிரிப்பது அவர் வேலை. சீக்கிரம் முடித்துவிட்டுத் தேர் வடம் பிடிக்கப் போக வேண்டும் என்று வந்தவுடனேயே மூர்த்தியிடம் சொல்லிவிட்டார்.

எட்டு மணிக்குக் கதவு திறந்தது. அனல் முகத்தில் அடித்தது. கிண்ணங்கள் அடுக்கடுக்காய் வெளியே வந்து ஆறின. தனலட்சுமி சாக்கின் மேல் உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் இடது கை விரல் நுனிகளில் ஏந்தி, ஒரு சின்னக் கம்பியால் தட்டினார். 'டிங்' என்று நின்றால் வலது பக்கம். 'டொக்' என்று செத்தால் இடது பக்கம். கண் தேர் பாதையில் இருந்தது, கை தன் பாட்டுக்கு ஓடியது. மூர்த்தி சொன்னதால், என் அளவுக் கிண்ணங்களை முதலில் எடுத்தார்.

வலது பக்கம் வந்ததையெல்லாம் நான் ஸ்பூனால் தட்டினேன். முள் மேலே. அடுத்தது, மேலே. முப்பது, நாற்பது. எல்லாம் மேலே. பத்து மணி ஆகிவிட்டது. பதினொன்றரைக்குள் பஸ் ஏறாவிட்டால் சுகந்தி எனக்கு முன்னால் வீட்டில் இருப்பாள். ஐம்பதாவது கிண்ணத்தில் என் கை நின்றுவிட்டது. அவ்வளவுதான் என்று ஸ்பூனைச் சட்டைப் பையில் செருகினேன்.

தனலட்சுமி கம்பியைக் கீழே வைத்துவிட்டு, என்ன தேடுகிறேன் என்று கேட்டார். சொன்னேன். போனில் சுகந்தியின் பதிவைப் போட்டுக் காட்டினேன். தலையைச் சாய்த்து ஒரு தடவை முழுக்கக் கேட்டார். இன்னொரு தடவை போடச் சொன்னார்.

"இது வெறுங் கிண்ணத்துச் சத்தம் இல்லயே. உள்ள என்னா கெடக்குது?"

தண்ணீர் என்றேன்.

"தண்ணி ஊத்துனா சத்தம் எறங்கும்ல? மேல நிக்கறதத் தான எடுக்கணும். ஊத்தி ஊத்தி எறக்கிக்கணும்." பக்கத்திலிருந்த தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து, நான் ஒதுக்கிய கிண்ணம் ஒன்றில் கொஞ்சம் ஊற்றித் தட்டினார். என் போனில் முள் கீழே இறங்கியது. இன்னும் கொஞ்சம் ஊற்றினார். குறிக்குப் பக்கத்தில் வந்து நடுங்கி நின்றது.

வியாழக்கிழமை அந்தப் பட்டறையில் ஒதுக்கிய அறுபதும் கண்முன் வந்தன. அதில் பாதியாவது எனக்கு உதவியிருக்கும். மோரும் முழுசாகக் கிடைத்திருக்கும்.

"உங்க வூட்டம்மா எத்தினி வருசமா வாசிக்கறாங்க?"

"ஒன்பது."

"ஒம்பது வருசமா எதுத்தாப்ல உக்காந்து பாத்துருக்கீங்க. தண்ணி எதுக்கு ஊத்துறன்னு ஒரு நாளு கேக்கலையா?"

கேலியாகக்கூடச் சொல்லவில்லை அவர். தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். சாம்பார் ஜோக்கை அவரிடம் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்து, நல்லவேளையாக விட்டுவிட்டேன்.

போனைத் தன் மடியில் வைத்து, பதிவை ஓடவிட்டபடியே தட்ட ஆரம்பித்தார். என் ஆப்பைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பதினொன்றாவது கிண்ணத்தில் நின்றார். தட்டினார், தண்ணீர் ஊற்றினார், தட்டினார், தண்ணீரைக் கீழே கொட்டிவிட்டு, முந்தானையால் துடைத்து நீட்டினார். இதுதான் என்றார். அடுத்துக் கொஞ்ச நேரத்தில் இன்னொன்றும் எடுத்தார். "ஒண்ணு அவங்க வாசிக்க. ஒண்ணு நீங்க ஒடைக்க."

எழுந்துகொள்ளும்போது, இங்கே ஒரு பெரிய வித்வான் வந்து, தொட்ட முதல் கிண்ணத்திலேயே பஞ்சமத்தைக் கண்டுபிடித்து அழுதாராமே என்று கேட்டேன். மூர்த்தியும் அவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தனலட்சுமி வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்ததாம். வித்வான் மூன்று நாள் அந்தச் சாக்கில் உட்கார்ந்து தட்டினாராம். நாலு கிண்ணம் உடைத்தாராம். அப்போது தரம் பிரித்த அம்மாள்தான் கடைசியில் எடுத்துக் கொடுத்தாளாம்.

"அழுதது நெசந்தான் சார்" என்றார் தனலட்சுமி. "அப்ப வெறகுச் சூள. பொக எல்லாரு கண்ணுலயும் தண்ணி வரவழிக்கும்."

கச்சேரியைப் பதிவு செய்து மூர்த்தியின் போனுக்கு அனுப்பச் சொல்லிவிட்டு, புடவையை உதறிக்கொண்டு தேருக்கு ஓடினார்.

நானும் ஓடினேன். ஆட்டோ இல்லை. பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். அங்கே போக வேண்டுமானால் தேர் வரும் வீதியைக் கடக்க வேண்டும். தேர் திருப்பத்தில் நின்றுவிட்டது. கட்டை போட்டுத் திருப்புகிறார்கள் என்றார்கள். அரை மணி, முக்கால் மணி. என் பின்னால் ஊர், முன்னால் ஊர், நடுவில் இரண்டு பீங்கான் கிண்ணத்தைத் துண்டில் சுற்றி வயிற்றோடு அணைத்தபடி நான். கூட்டம் ஒவ்வொரு தடவை 'அரோகரா' என்று நெருக்கும்போதும் முதுகை வளைத்துக்கொண்டேன். துண்டு அவிழ்ந்து ஒரு கிண்ணத்தின் வாய் வெளியே தெரிந்தது. பக்கத்தில் நின்ற ஓர் அம்மா என் முகத்தைப் பார்த்தார், கிண்ணத்தைப் பார்த்தார், இரண்டு ரூபாய்க் காசு ஒன்றைப் போட்டுவிட்டுச் சாமி பக்கம் திரும்பிக்கொண்டார். மறுக்க எனக்கு ஒரு கை இல்லை.

தேர் அசைந்ததும் கூட்டம் ஒரே வீச்சில் நகர்ந்தது. என் இடுப்பில் யாருடைய முழங்கையோ இடித்தது. துண்டுக்குள் ஏதோ நறுக்கென்றது.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தும் துண்டைப் பிரிக்கத் தைரியம் வரவில்லை. நைனார்பாளையம் தாண்டிய பிறகுதான் பிரித்தேன். இரண்டும் முழுசாகத்தான் தெரிந்தன. ஆனால் இரண்டு நாளில் நான் கொஞ்சம் கற்றிருந்தேன். ஒன்றை விரல் நுனியில் ஏந்தி, நகத்தால் தட்டினேன். 'டொக்.' மயிர்க்கோடாய் ஒரு விரிசல் உள்ளே ஓடியிருந்தது. மற்றதை எடுத்தேன். பஸ் ஸ்பீடு பிரேக்கரில் தூக்கிப் போட்டு அடங்கும்வரை காத்திருந்தேன். தட்டினேன். நின்றது. கண்டக்டர் டிக்கெட் கேட்க வந்தவர், அந்த 'டிங்' ஓயும்வரை பேசாமல் நின்றார். முதல் கிண்ணம் எது, இரண்டாவது எது என்று எனக்கு மறந்துபோயிருந்தது. உடைக்கக் கொடுத்ததைத்தான் உடைத்தேன் என்று நம்பிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தபோது மணி ஐந்தே கால். கதவு திறந்திருந்தது. கூடத்தில் பாய் விரித்து, அதில் அரைவட்டமாகப் பதினேழு கிண்ணங்கள். நடுவில் ஓர் இடம் காலி. சுகந்தி அந்த இடத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சுக்குக் காபி, நூற்று நாற்பத்தொன்றாம் பக்கம், டிவி, தாண்டிப் படித்தது, காசு, எல்லாம். வழக்கமாக நான் கதை சொல்லும்போது நடுவில் சிரிப்புக்கு இடம்விடுவேன். அன்று விடவில்லை. தனலட்சுமி கேட்ட கேள்வியையும் சொன்னேன். அந்த இடத்தில் மட்டும் சுகந்தி தலை நிமிர்ந்தாள். பிறகு கிண்ணத்துக்காகக் கையை நீட்டினாள். வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். கதவைச் சாத்திக்கொண்டு தட்டிப் பார்த்தாளா என்றுகூட எனக்குக் கேட்கவில்லை. சாப்பாடு போட்டாள். பேசவில்லை.

ஞாயிறு காலை பெட்டியைத் தூக்கி வந்தவன் நான். மேடைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் அவள் கிண்ணங்களை வைத்து ஸ்ருதி சேர்க்க ஆரம்பித்தாள். தண்ணீர்ச் சொம்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். புதுக் கிண்ணத்தில் பழைய சீட்டு ஒட்டியிருந்தது. என் பையிலிருந்த உடைந்த கிண்ணத்திலிருந்து உரித்திருக்கிறாள். ஓரம் கொஞ்சம் காபி நிறம்.

பஞ்சமத்துக்கு வந்தாள். கரண்டியால் மொண்டு ஊற்றினாள். தட்டினாள். விரல் நடுங்கிற்று. இன்னும் அரைக் கரண்டி. தட்டினாள். கண்ணை மூடிக் கேட்டாள். ஒரு சொட்டு, விரல் நுனியால். தட்டினாள். அந்த ஒலி அறை முழுக்க நின்று, மெதுவாக இறங்கிப் போயிற்று. விரல் நடுக்கமும் அதோடு போயிற்று. அடுத்த கிண்ணத்துக்கு நகர்ந்தாள்.

வெளியே மைக்கில் அவள் பெயரை அறிவித்தார்கள். சொம்பைக் கீழே வைத்துவிட்டு, நான் முன் வரிசையில் உட்காரலாமா என்று கேட்டேன். முந்தைய நாள் ஐந்தே காலுக்குப் பிறகு அவள் என்னிடம் வாய் திறந்தது அப்போதுதான்.

"கையக் கட்டிக்கிட்டு உக்காருங்க."